எங்கள் மாமரம், அவர்கள் மாடி

2022 கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு நானும் அம்மாவும் திருச்சிக்குத் திரும்பி வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது மணி மூன்று இருக்கும். கிணற்றடியில் வெயில் விழுந்து கிடந்தது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் நான் வெயிலைப் பார்த்ததே இல்லை. எந்த மாதமானாலும் பிற்பகலில் அங்கே நிழல்தான், பாத்திரம் தேய்த்துவிட்டு அப்படியே திண்டில் உட்கார்ந்து காபி குடிக்கிற இடம் அது. என்னவோ மாறியிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, என்னவென்று பிடிபடவில்லை. அம்மாதான் முதலில் அண்ணாந்து பார்த்தாள்.

மாமரத்தின் மேற்குப் பாதி இல்லை. மதில் சுவர் எங்கே ஓடுகிறதோ அதற்கு நேர் மேலே, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த மாதிரி, கிளைகள் எல்லாம் ஒரே கோட்டில் நின்றுபோயிருந்தன. என் தொடை பருமனில் இரண்டு, கை பருமனில் ஏழெட்டு. வெட்டுவாய்களில் பால் இன்னும் காயவில்லை. வெட்டிய கிளைகளையெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் இறக்கி வைத்திருந்தார்கள். எறியவில்லை, பெரியது கீழே சின்னது மேலே என்று அடுக்கியே வைத்திருந்தார்கள். அந்த ஒழுங்கு எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அம்மா கல்யாணத்துக்குக் கட்டின பட்டுப்புடவையோடு அப்படியே குந்தி உட்கார்ந்து, ஒரு கொத்தை எடுத்து நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மொட்டு கட்டற நேரம்டி" என்றாள். அதற்கு மேல் அன்று ராத்திரி வரை அவள் ஒன்றும் பேசவில்லை.

அந்த மரம் 1994-ல் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் அம்மா நட்டது. இமாம் பசந்த், ஒட்டுக்கன்று. சுவரிலிருந்து நாலடி தள்ளி நட்டாள். மாமரத்துக்கு மரத்துக்கு மரம் முப்பது அடி வேண்டும் என்று தோப்புக்காரர்கள் சொல்வார்கள், ஆனால் மனையில் வீடு கட்டியது போக மிச்சம் இருந்ததே அந்த மூலைதான். அப்போது மேற்கே பக்கத்து மனை காலியாகக் கிடந்தது, சீமைக் கருவேல முள்ளும் நாலைந்து ஆடுகளும்தான். மரம் அந்தப் பக்கம் தாராளமாக விரிந்தது. கேட்க ஆளில்லாத ஆகாயம். 2016-ல் அங்கே வீடு வந்தது, மாடி வந்தது. அதற்குள் மரத்துக்கு வயது இருபத்திரண்டு.

உடனே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தத் தம்பிக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு, ஷிப்ட் வேலை, அதிகம் பேசாத ஆள். "எங்க பக்கம் வந்ததை மட்டும்தான்க்கா எடுத்தேன். சுவருக்கு உள்ள ஒரு இலையைக்கூடத் தொடல" என்றார். அது உண்மை. "ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யக்கூடாதா தம்பி?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சொல்லியாச்சுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சொன்னார்களாம்! யாரிடம்? இந்த வீட்டில் பேச்சுவார்த்தைக்கு உரிய ஆள் நான்தான், என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாய் கூசாமல் பொய் சொல்கிறாரே என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து ஒரு வருஷம் அந்த வீட்டோடு பேச்சில்லை.

சட்டம் எந்தப் பக்கம்

அந்த வாரமே என் பள்ளித் தோழியைப் பார்க்கப் போனேன். திருச்சி கோர்ட்டில் இருபது வருஷமாக சிவில் வழக்குகள் நடத்துகிறாள். நான் பொரிந்து தள்ளியதை எல்லாம் கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டாள். வெட்டும்போது உங்க எல்லைக்குள்ள கால் வெச்சாரா? சுவருக்கு இந்தப் பக்கம் எதையாவது வெட்டினாரா? வெட்டின கட்டையை அவர் எடுத்துக்கிட்டாரா? மூன்றுக்கும் இல்லை என்றேன். "அப்ப அவர் மேல என்ன கேஸுடி போடறது?" என்றாள்.

அப்புறம் அவள் விளக்கியதை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஆளாளுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. மனை யாருடையதோ அதற்கு மேலே இருக்கிற வெளியும் அவருடையது. நம் மரத்தின் கிளை சுவரைத் தாண்டும்போது, நாமே போய் அவர் மாடியில் நின்றால் எப்படியோ ஏறக்குறைய அப்படித்தான். அந்தக் கிளையை எல்லைக்கோடு வரைக்கும் வெட்டிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. நம் நீதிமன்றங்கள் இதில் பெரும்பாலும் பழைய ஆங்கிலேயத் தீர்ப்புகளின் வழியிலேயே போகின்றன. அதில் முக்கியமானது லெம்மன் எதிர் வெப் என்ற வழக்கு, 1894-ல் லண்டனில் பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. வயதான பெரிய மரங்கள், நெடுநாளாகப் பக்கத்து நிலத்தின் மேல் படர்ந்திருந்தவை. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு நோட்டீஸும் கொடுக்காமல் தன் பக்கம் நின்றே வெட்டிவிட்டார். மரக்காரர் வழக்குப் போட்டார். உன் நிலத்துக்குள் வராமல் வெட்ட முடிகிறது என்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை என்று மரக்காரருக்கு எதிராகத் தீர்ப்பானது.

அம்மா அந்த நாட்களில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "நாமதானேடி முதல்ல வந்தோம். மரம் நிக்கறதைப் பார்த்துட்டுத்தானே மனை வாங்கினான்?" எனக்கும் அது பலமான வாதமாகவே பட்டது. இருபத்தெட்டு வருஷ மரம், அனுபவ பாத்தியதை என்று ஒன்று கிடையாதா? தோழியிடம் கேட்டேன். வழி, வெளிச்சம், காற்று போன்றவற்றை இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால் உரிமையாகும் என்று 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது, ஆனால் கிளை அதில் சேராது என்றாள். காரணம் எனக்குப் பிடித்திருந்தது, எரிச்சலாகவும் இருந்தது: பாதை நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும், கிளை வருஷா வருஷம் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு வருஷத்து வளர்ச்சியும் புதிதாக உள்ளே வந்ததுதான். எதற்கு இருபது வருஷத்தைக் கணக்கிடுவது?

வெட்டின கட்டை மட்டும் நம்முடையது. கிளையில் காய்த்ததும் நம்முடையதுதான். 1919-ல் மில்ஸ் எதிர் புரூக்கர் என்று இன்னொரு ஆங்கிலேய வழக்கு. தன் பக்கம் தொங்கிய ஆப்பிள்களைப் பறித்து விற்றுவிட்டார் ஒருவர். கிளையை வெட்டலாம், பழத்தை நீ எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது, பக்கத்து வீட்டுத் தம்பி கிளைகளை எங்கள் பக்கம் அடுக்கி வைத்துவிட்டுப் போனாரே, என்னை அவ்வளவு கொதிக்க வைத்த அந்த அடுக்கு, அதுதான் சட்டப்படி மிகச் சரியான செயல்.

தோழி கடைசியில் ஒன்று சொன்னாள். "நீ அவர் மேல என்ன போடலாம்னு வந்திருக்க. அவர் உன் மேல போட்டிருந்தா?" காய்ந்த கிளை ஒன்று முறிந்து அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்திருந்தால், அது காய்ந்திருப்பது எனக்குத் தெரியும் என்று அவர் காட்டிவிட்டால், நஷ்டஈடு என் தலையில். மரம் விழும் நிலையில் இருந்தால் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுக்கலாம். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152-வது பிரிவு. ஆளுக்கு ஆபத்தான மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவு போட அதில் இடமிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பேராவூரணிப் பக்கம் எங்கள் மாமாவின் தென்னைகள் வேலியைத் தாண்டி அடுத்தவர் கொல்லையில் கிடந்தன, அடுத்தவர் தென்னைகள் இவர் கொல்லையில் கிடந்தன. அதை யாரும் கேஸ் என்று நினைக்கவில்லை. அப்படிப்பட்ட காற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் தெரிந்தே விட்டுவைத்த மரத்துக்குப் பொறுப்பு உண்டு என்பது அவள் சொன்ன வித்தியாசம்.

சரி, கேஸ் இல்லை. ஆனால் மனசு ஆறவில்லை. சட்டப்படி அவர் செய்தது சரி என்று தெரிந்த பிறகும் அந்த வெட்டுவாய்களைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன், எங்காவது ஒரு நாட்டில் என் கட்சி ஜெயிக்காதா என்றுதான். ஜப்பானில் கொஞ்சம் ஜெயித்தது. அங்கே பக்கத்து மூங்கிலின் வேர் நம் நிலத்தில் முளைவிட்டால் நாமே வெட்டிக்கொள்ளலாம், ஆனால் கிளையை வெட்டச் சொல்லி மரக்காரரைத்தான் கேட்க வேண்டும். நெடுங்காலம் அதுதான் சட்டம். ஆளில்லாத வீடுகள் பெருகிப்போய், கேட்பதற்கே ஆள் கிடைக்காத நிலையில், 2023 ஏப்ரலிலிருந்து அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். இப்போது கேட்டும் நியாயமான காலத்துக்குள் வெட்டவில்லை என்றாலோ, மரக்காரர் யாரென்றே தெரியவில்லை என்றாலோ, அவசரம் என்றாலோ தாமே வெட்டலாம். ஜெர்மனியிலும் முதலில் அவகாசம் கொடுக்க வேண்டும், கிளையால் உண்மையிலேயே இடைஞ்சல் இருக்கவும் வேண்டும். ஆனால் தானாக விழுந்த பழம் விழுந்த நிலத்துக்காரருக்கு. பழைய ரோமில் அதற்கு நேர்மாறு: பக்கத்து நிலத்தில் விழுந்த தன் மரத்துக் காயைப் பொறுக்கிக்கொள்ள ஒரு நாள் விட்டு ஒரு நாள் உள்ளே வர மரக்காரருக்கு உரிமை. எனக்கு இந்த ரோமாபுரிக்காரர்களைத்தான் ரொம்பப் பிடித்தது. மரத்தின் சாக்கில் அடுத்த வீட்டுக்குள் போய் வரும் ஒரு வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு வழி இல்லை. அவர்கள் குடிவந்து ஆறு வருஷத்தில் நான் அந்த வீட்டு வரவேற்பறையைத் தாண்டிப் போனதே இல்லை.

அந்த மழை ராத்திரி

2023 ஐப்பசி. மூன்று நாளாக விட்டு விட்டுப் பெய்தது, மூன்றாம் நாள் ராத்திரி விடவே இல்லை. ஒரு மணி இருக்கும், கேட்டை யாரோ ஆட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுத் தம்பியின் மனைவி, குடை பிடித்தும் முழுக்க நனைந்து நிற்கிறாள். "அக்கா, அவர் நைட் ஷிப்ட். மாடியில தண்ணி நிக்குது, குழாய் அடைச்சுக்கிச்சு. டார்ச் பிடிக்க ஆள் வேணும்க்கா. உங்க வீட்ல லைட் எரிஞ்சுது, அதான்." ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள் வீட்டுக்கு அந்த நேரத்தில் வருவதற்கு அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

மாடிப்படி ஏறிக் கதவைத் திறந்ததும் தண்ணீர் கணுக்கால் வரை. கைப்பிடிச் சுவர் நாலு பக்கமும் அடைத்திருப்பதால் மாடி ஒரு தொட்டி மாதிரி நிரம்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்குகிற குழாய் வாய் எங்கள் மரத்துப் பக்க மூலையில் இருக்கிறது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டு, தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினாள். நான் வெளிச்சம் பிடித்தேன். ஒரு பிடி எடுத்து என் காலருகே வைத்தாள். மாவிலை. கறுத்து, ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, தோல் மாதிரி ஆகிப்போன மாவிலை. அடுத்த பிடி, இன்னும் மாவிலை, நடுவில் போன பருவத்துப் பூங்கொத்தின் காய்ந்த காம்புகள், அணில் கடித்துப் போட்ட ஒரு கொட்டை. ஐந்தாறு பிடிக்குப் பிறகு குழாய் ஒரு பெரிய மூச்சு விட்டது, மூலையில் தண்ணீர் சுழன்று இறங்க ஆரம்பித்தது. அவள் அப்படியே உட்கார்ந்து கையில் ஒட்டியிருந்த இலையை வழித்துப் போட்டாள். அந்தக் குவியலில் வேறு எந்த மரத்து இலையும் இல்லை. அந்தத் தெருவில் வேறு மாமரமும் இல்லை.

கீழே இறங்கும்போது பையன் அறையைக் காட்டினாள். காட்டவேண்டும் என்று காட்டவில்லை, பக்கெட்டை மாற்றி வைக்கப் போனாள், நான் பின்னாலேயே போனேன். கூரையில் ஒரு பெரிய ஈரத்திட்டு, ஓரமெல்லாம் பழுப்பு வளையம் வளையமாக. ஒவ்வொரு வளையமும் ஒரு வருஷத்து மழை. கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். "வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ரெண்டு தடவை அள்ளிடுவோம்க்கா. இந்தத் தடவை விட்டுப்போச்சு" என்றாள். என்மேல் குற்றமாகச் சொல்லவில்லை, தன் மறதியைத்தான் சொன்னாள்.

"இவ்வளவு இருக்குன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொன்னோமேக்கா. போன வருஷம் அவர் பெரியம்மாகிட்ட ரெண்டு தடவை வந்து சொன்னாரே. நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க."

காலையில் அம்மாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "வந்தான். சொன்னான். மரம்னா இலை கொட்டத்தான் செய்யும்னேன்" என்றாள். என்கிட்ட ஏம்மா சொல்லலை என்றதற்கு, அடுப்பைப் பார்த்தபடியே, "சொன்னா நீ வெட்டிடுவ" என்றாள். ஒரு வருஷம் நான் ஒருவரைப் பொய்யர் என்று மனதுக்குள் வைத்துப் புழுங்கியது இந்த ஒரு வாக்கியத்துக்கு.

அன்று மழை விட்டிருந்தது. டார்ச்சை அவர்கள் மாடியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன், அதை எடுக்கப் போன சாக்கில்தான் எங்கள் மரத்தை முதல்முறையாக அந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த மரமாகவே இல்லை. எனக்குத் தெரிந்த மரத்துக்கு ஓர் அடிமரம் உண்டு, அம்மா சாணி பூசின வடு உண்டு, ஊஞ்சல் கட்டின தழும்பு உண்டு, அடியில் ஒரு திண்டு உண்டு. இங்கிருந்து அடிமரமே தெரியவில்லை. சுவருக்கு மேலே ஒரு பெரிய இலைத்திரள், அவ்வளவுதான், அது இவர்களை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. வெட்டினார்களே, அந்த ஒவ்வொரு வெட்டுவாயிலிருந்தும் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, ஒரே வருஷத்தில் மறுபடி சுவரைத் தாண்டியிருந்தது, முன்னைவிட அடர்த்தியாகவே. கைப்பிடிச் சுவரில் முசுறு எறும்பு சாரை. இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு ஒன்று கைக்கெட்டும் உயரத்தில், துணி காயப்போடுகிற கொடிக்கு ஒரு முழத்தில். பூக்கும் மாதங்களில் தத்துப்பூச்சி வந்தால் இலையெல்லாம் தேன் மாதிரி ஒரு பிசுபிசுப்பு வடியும், அதன் மேல் கரி பூத்தாற்போல் பூசணம் படியும். எங்கள் பக்கம் அது மண்ணில் சொட்டும். இவர்கள் பக்கம் துவைத்த துணியில் சொட்டும். இருபத்தொன்பது வருஷம் நாங்கள் அந்த மரத்தில் பழம் தின்றிருக்கிறோம், நிழலில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பிசுபிசுப்பு யார் துணியில் இறங்குகிறது என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

வெட்டுகிற உரிமை அவருக்கு இருக்கிறது, சரி. ஆனால் முதலில் வாய் திறக்க வேண்டியது அவரா? அன்றைக்கு அந்த மாடியில் நின்றபோது எனக்குப் பட்டது இதுதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை: மரம் வைத்திருக்கிறவர்தான் முதலில் போய்க் கேட்க வேண்டும். உங்க பக்கம் எப்படி இருக்கு, எதை எடுக்கட்டும் என்று வருஷத்துக்கு ஒரு தடவை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்வதற்குள் அவர் பல மாதம் பொறுத்திருப்பார். அவர் அரிவாளை எடுப்பதற்குள் பல வருஷம் ஆகியிருக்கும். வெட்டின நாளை மட்டும் நாம் பார்க்கிறோம்.

பாட்டி வீட்டு முருங்கை

இதை எனக்குப் புதிதாக யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பார்த்து வளர்ந்ததைத்தான் மறந்திருக்கிறேன். லால்குடிப் பக்கம் என் பாட்டி வீட்டுக் கொல்லையில் வேலியோரமாக ஒரு முருங்கை. பாதி அடுத்த கொல்லையில்தான் நிற்கும். கீரையும் காயும் அந்த வீட்டுப் பெரியம்மா அவர்கள் பக்கம் நின்று ஒடித்துக்கொள்வார், கேட்கமாட்டார், பாட்டியும் கேட்டதில்லை. குழம்புக்கு எவ்வளவும் ஒடிக்கலாம், சந்தைக்கு ஒடிக்கக்கூடாது. இதுதான் அங்கே எல்லை, யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது கம்பளிப்பூச்சி. ஐப்பசி கார்த்திகை மழையில் முருங்கையின் அடிமரத்தில் அது அப்பும், பட்டையே தெரியாமல் சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தின மாதிரி. அங்கிருந்து சுவரேறி, கொடித்துணியில் ஏறி, தொட்டில் வரைக்கும் போகும். பட்ட இடம் தடிப்புத் தடிப்பாக வீங்கும். பாட்டி விடிகாலையில் எழுந்து, பழந்துணி சுற்றின தீப்பந்தத்தோடு முதலில் அடுத்த கொல்லைக்குத்தான் போவாள். அந்தப் பக்கத்துப் பூச்சியைக் கருக்கிவிட்டு, சுவரில் ஏறினதைப் பெருக்கித் தள்ளிவிட்டு, அப்புறம்தான் தன் பக்கத்துக்கு வருவாள். "நம்ம மரத்துப் பூச்சி" என்பாள். முருங்கையை ஒடித்து வளர்க்கணும் என்று பழமொழியே இருக்கிறது, அதன்படி வருஷா வருஷம் காய்ப்பு ஓய்ந்ததும் அவளே ஆள் விட்டு இரண்டு பக்கமும் ஒடித்துவிடுவாள். அந்த வேலி விஷயத்தில் ஒரு சத்தம்கூட நான் கேட்டதில்லை. அவர்கள் நல்லவர்கள், அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்லவரவில்லை. அதே கொல்லையில் வரப்புத் தகராறில் வாய்க்கு வந்தபடி வைதுகொண்ட இரண்டு குடும்பங்கள்தான். முருங்கை விஷயத்தில் மட்டும் பாட்டி முந்திக்கொண்டாள்.

ஆடியில்

2024-ல் பழம் ஓய்ந்ததும், ஆடி முதல் வாரத்தில், நான் ஆள் கூப்பிட்டேன். கூலி நான் கொடுத்தேன், அதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மாமரத்தை வெட்டுவதாக இருந்தால் அந்தச் சமயம்தான் வெட்ட வேண்டும். பறித்து முடித்தவுடன் வெட்டினால், அதற்குப் பிறகு வருகிற துளிர் முற்றி, அதன் நுனியில் தை மாதம் பூ வரும். கார்த்திகையில் வெட்டினால் பூக்கப்போகிற நுனியையே வெட்டியதாகிவிடும். 2023 கோடையில் மேற்குப் பக்கம் ஒரு காய்கூட இல்லாமல் போனது அதனால்தான். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அம்மாவுக்குத் தெரியும். அவர் வந்து சொன்ன அன்றே, ஆடி வரைக்கும் பொறுங்க, நானே வெட்டித் தரேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்.

வந்த மரவெட்டி பெரியவர், அறுபதைத் தாண்டினவர், அரிவாளோடு கைரம்பமும் வைத்திருந்தார். மரத்தைச் சுற்றி வந்து, பழைய வெட்டுவாய்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சுவரைப் பார்த்து வெட்டியிருக்காங்க. மரத்தைப் பார்த்து வெட்டலைம்மா" என்றார். எல்லைக்கோட்டில் வெட்டினால் முளை மாதிரி ஒரு கட்டை நீட்டிக்கொண்டு நிற்கும், அது காய்ந்து உளுத்து உள்ளே இறங்கும், அல்லது அதிலிருந்து பத்துத் துளிர் கிளம்பும். கிளை பிறக்கிற இடத்தில் ஒரு மோதிரம் போலத் தடித்திருக்கும், அதை விட்டு வெளியே ஒட்ட அறுத்தால் மரமே அதைச் சுற்றி வளர்ந்து மூடிவிடும். பெரிய கிளையை முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தார், பாரத்தில் முறிந்து பட்டையைக் கிழித்துக்கொண்டு போகாமல் இருக்க. ஆக, சரியாக வெட்ட வேண்டும் என்றால் எங்கள் பக்கத்துக்குள் வந்து வெட்ட வேண்டும், அதற்கு எங்கள் அனுமதி வேண்டும். சட்டம் அந்தத் தம்பிக்குக் கொடுத்த உரிமையை வைத்துக்கொண்டு மரத்துக்குக் கெடுதலான வெட்டைத்தான் வெட்ட முடியும். இதைப் பெரியவர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன், எந்தத் தீர்ப்பிலும் இது இல்லை. கிழக்குப் பக்கமும் எடுக்கணும்மா, ஒரு பக்கமே பாரம் நின்னா காத்துக்குச் சாயும் என்றார். எடுத்தோம். அம்மா அன்றைக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள், அவளே கேட்டுக்கொண்டு போனாள். வெட்டின வாய்களில் பெரியவர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையைப் பூசினார். சாயங்காலம் தம்பி வந்து தன் பக்கம் விழுந்த இலையை எல்லாம் கூட்டி மூட்டை கட்டிக் கொடுத்தார். "அக்கா, அன்னைக்கு நான் உங்ககிட்டயே ஒரு தடவை வந்து சொல்லியிருக்கணும்" என்றார். நான் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை.

அதிலிருந்து புரட்டாசிக் கடைசியில் ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை சாக்கு எடுத்துக்கொண்டு அவர்கள் மாடிக்குப் போய் இலை அள்ளுகிறேன். குழாய் வாயில் ஒரு வலை வைத்திருக்கிறோம். பையன் அறைக் கூரைக்குத் தம்பி போன கோடையில் ஆள் வைத்துப் பூசிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம், அம்மாவும் அவரும் இன்றுவரை நேருக்கு நேர் பேசுவதில்லை.

இப்போது தை. மரம் பூத்திருக்கிறது, மேற்குப் பக்கமும் சேர்த்து. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். மாடியில் சோலார் போடப்போகிறார், 3 கிலோவாட், ஒன்றிய அரசின் மானியம் 78,000 ரூபாய் வருகிறது. காகிதத்தில் பென்சிலால் மாடியை வரைந்து, காலை பதினோரு மணி வரைக்கும் எங்கள் மரத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று கோடு போட்டிருந்தார். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலே அதோடு இணைத்த மற்றதும் குறையுமாம். மேல் கிளைகளில் மூன்றை எடுத்தால் போதும் என்றார். அவை மூன்றும் சுவரைத் தாண்டினவை அல்ல, முழுக்க எங்கள் பக்கம் நிற்பவை. அவற்றின் மேல் அவருக்கு எந்த உரிமையும் இல்லை என்பது அவருக்கே தெரியும், அதனால்தான் கேட்கிறேன்க்கா என்றார். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த மூன்றில் நடுக்கிளை, அம்மா காலையில் எழுந்ததும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிற கிளை. இந்த வருஷம் அதில்தான் பூ கொட்டிக் கிடக்கிறது. ஆடிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.